ஆச்சிமார் காத்த வீடுகள்

திருச்சி விமான நிலையத்தில் இறங்கி நேராக இராமேஸ்வரம் போவதுதான் எமது திட்டம். 2019ஆம் ஆண்டு, ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னர். ஏழு பெண்கள், ஒரு வான். யாழ்ப்பாணத்தார் மூவர், முல்லைத்தீவார் இருவர், மன்னாரில் இருந்து ஒருவர், மட்டக்களப்பில் இருந்து ஒருவர். கடலில் நீராடி, இறந்துபோனவர்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு வருவது என்று புறப்பட்டவர்கள். இதில் ஒருவருக்கு மட்டும் அந்த ‘இறந்துபோனவர்’ என்ற சொல்லில் உடன்பாடில்லை. 2009இல் கணவரைக் கடைசியாகக் கண்ட முல்லைத்தீவு அக்கா அவர். “நான் சும்மா கோயிலுக்குத்தான் வாறன்” என்று சொல்லிக்கொண்டே வானில் ஏறினார்.

புதுக்கோட்டையைக் கடந்து, திருமயம் கோட்டையையும் தாண்டிச் சிறிது தூரம் போனதும் பின்சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சில்லும் சரியில்லை. சாரதித் தம்பி மெதுவாக உருட்டிக்கொண்டுபோய், பெருந்தெருவை விட்டுச் சற்று உள்ளே இருந்த ஊரொன்றில் நிறுத்தினார். “ரெண்டு மணி நேரம் ஆகும்மா. சும்மா உக்காந்திருக்காம ஊரைச் சுத்திப் பாருங்க. இந்த ஊரைப் பாக்க வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க” என்றார். ஊரின் பெயர் கானாடுகாத்தான்.

வெளிநாட்டார் பார்க்க வரும் ஊர் என்றதும் பெரிய பட்டினம் ஒன்றை மனதில் நினைத்திருந்தோம். அப்படி ஒன்றும் இல்லை. ஒரு தேநீர்க்கடை, கல்லால் கரை கட்டிய ஊருணி, மதிய வெயிலில் ஆளரவமற்ற வீதிகள். வீதிகள் மட்டும் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தன. ஒரு மதிலை ஒட்டி நிழலில் நடந்தோம். எவ்வளவு நடந்தும் மதில் முடிவதாக இல்லை. “இதென்ன, பள்ளிக்கூடமோ?” என்று மன்னார்த் தங்கச்சி கேட்டார். அது ஒரு வீடு. முன்வாசல் ஒரு வீதியில், பின்வாசல் அடுத்த வீதியில். அதற்கு அடுத்ததும் அப்படியே ஒரு வீடு. அதற்கு அடுத்ததும்.

இது செட்டிநாடு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் கட்டிய வீடுகள் இப்படித்தான் நிற்கின்றன. நகரத்தார் எமக்குப் புதியவர்கள் அல்லர். கொழும்பிலே நகை வாங்கப் போகும் செட்டியார் தெருவின் பெயர் அவர்களால் வந்தது. அங்குள்ள கதிரேசன் கோயிலும், தேர் இழுக்கும் ஆடிவேல் விழாவும் அவர்கள் வைத்துவிட்டுப் போனவையே. இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் கடந்து போய் வட்டிக்கடை வைத்தார்கள். அரிசி வியாபாரம் செய்தார்கள். அங்கே சேர்த்த பணம் 1850களில் இருந்து 1940கள் வரையில் இந்த வரண்ட மண்ணில் சுண்ணாம்பும் மரமுமாக எழுந்தது. பர்மாவில் இருந்து தேக்கு, இத்தாலியில் இருந்து சலவைக்கல், பெல்ஜியத்தில் இருந்து கண்ணாடி, யப்பானில் இருந்து பூவேலை ஓடு என்று கப்பலில் வந்திறங்கின. இலங்கையில் இருந்து போனது முதிரை மரம். இதைக் கேட்டதும் முல்லைத்தீவார் இருவரும் ஒவ்வொரு கதவு நிலையாகத் தடவிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எது தேக்கு, எது முதிரை என்று அவர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? 2014இல் இந்த ஊர்கள் உலக மரபுரிமைக்கான யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

ஊரின் பெரிய கட்டடம் 1912இல் முடிந்த செட்டிநாட்டு அரண்மனை. அதை வெளியில் நின்றுதான் பார்த்தோம். கட்டியவர் ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியார். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவியவரும் அவரே. அங்கே தமிழுக்கு முதற் பேராசிரியராக 1931இல் அமர்ந்தவர் எங்கள் காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தர் என்று மட்டக்களப்புத் தங்கச்சி நினைவூட்டினார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த பெருமை, அந்த அரண்மனையே தன்னுடையது என்பதுபோல இருந்தது.

அரண்மனையை விட எமக்குப் பயன்பட்டது அதன் பக்கத்து வீதியில் திறந்திருந்த ஒரு வீடுதான். வாசலில் நடுவயதுப் பெண்ணொருவர் கூட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்களாம். திறந்து, கூட்டி, விளக்கேற்றிப் பூட்டுவது இவர் வேலை. ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, “வாங்க ஆச்சி, செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க” என்றார். அவர் அழைத்தது எங்களில் ஆக இளையவரான மட்டக்களப்புத் தங்கச்சியை. “நான் என்ன அவ்வளவு கிழவியோ?” என்று தங்கச்சி எங்களிடம் முணுமுணுத்தார். இங்கே கல்யாணமான பெண் இருபது வயதுக்காரி என்றாலும் ஆச்சிதான். அது மரியாதைச் சொல் என்று பிறகு விளங்கியது. இன்னொரு சொல்லிலும் தடுமாறினோம். “இதுதான் வளவு” என்று அந்தப் பெண் காட்டியது வீட்டின் நடுமுற்றத்தையும் அதைச் சுற்றிய தாழ்வாரத்தையும். எங்கள் வளவுகள் வீட்டுக்கு வெளியே, வேலிக்குள் கிடப்பவை. இவர்கள் வளவை வீட்டுக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்!

வீட்டின் அமைப்பைச் சொல்கிறேன். முதலில் முகப்பு. உயரமான திண்ணைகள், மினுங்கும் தூண்கள். கணக்கு வழக்குப் பேச வரும் ஆண்களுக்கான இடம். அதைத் தாண்டினால் வளவு. வானத்தைப் பார்த்துத் திறந்த முற்றம், நாலு பக்கமும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, சாப்பாட்டு இடம், கடைசியில் அடுப்படியும் கிணறும். முன்வாசலில் நின்று பார்த்தால் வாசலுக்குள் வாசலாகப் பின்வீதி வரை கண் போகிறது. எங்கள் பழைய நாற்சார் வீடுகளைக் கண்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பத்து நாற்சார் வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததுபோல இருக்கும். அவ்வளவுதான்.

சுவரில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார் அந்தப் பெண். மதியம் இரண்டு மணி வெயிலிலும் சுவர் குளிர்ந்திருந்தது. முட்டைக்கோதின் உட்பக்கம்போல வழுவழுப்பு. சுண்ணாம்புச் சாந்தைப் பல தடவை பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்தது. சாந்துக்குக் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பார்கள். நூறு வருடமாக வெள்ளை அடிக்கத் தேவைப்படாத சுவர் இது என்று அவர் சொன்னபோது, வருடாவருடம் சுவரில் பூஞ்சணம் துடைக்கிற எங்களுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

கூரைகள் நாலும் உள்முற்றத்தை நோக்கியே சரிகின்றன. மழை முழுவதும் வீட்டுக்குள்ளேதான் விழும். மூலைப் பீலிகளால் வரும் நீரை அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்து வடிகாலால் வெளியேறி ஊருணிக்குப் போகும். ஆறில்லாத, மழை குறைந்த நிலத்தில் ஒரு துளியையும் தெருவில் விடக்கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். வீடுகள் எல்லாம் தெருவை விட இவ்வளவு உயர்ந்து நிற்பது ஏன் என்று கேட்டோம். முன்னொரு காலம் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தபோது கடல் பொங்கி வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனதாம். அந்தப் பயத்தில்தான் கடல் இல்லாத ஊரிலும் உயரக் கட்டினார்கள் என்பது நகரத்தார் வழிவழிச் சொல்லும் கதை. 2004 டிசெம்பருக்குப் பிறகு இதை நாங்கள் கதை என்று சிரித்துவிட்டுப் போகவில்லை.

அறைகளைத் திறந்து காட்டியபோதுதான் எமக்கு ஆச்சரியம். வெளியில் இத்தனை தூணும் கண்ணாடியும் வைத்த வீட்டில் அறைகள் சின்னஞ்சிறியவை, இருட்டு. மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. அதற்குள்ளே மனைவி கொண்டுவந்த சீர்ப் பாத்திரங்களும் பெட்டகமும். படுப்பது, இருப்பது, பிள்ளை வளர்ப்பது எல்லாம் தாழ்வாரத்தில். கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். வீட்டை விட்டு அனுப்புவதல்ல. அதே கூரையின் கீழே அவர்களுக்குத் தனி அடுப்பு, தனிச் செலவுக் கணக்கு. பெரிய குடும்பம் ஒன்றாகவும் இருக்கும், ஒவ்வொரு மருமகளும் தன் கணக்கைத் தானே பார்க்கவும் பழகுவாள்.

பழகத்தான் வேண்டும். ஏனென்றால் புருஷன் வீட்டில் இருக்கமாட்டான். ரங்கூனுக்கோ கொழும்புக்கோ பினாங்குக்கோ கடைக்கணக்குப் பார்க்கப் போகும் ஆண்கள் மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் ஊர் திரும்புவார்கள். பெண்களை உடன் கூட்டிப் போவது பிற்காலம் வரை வழக்கமில்லை. ஆகவே இந்த மாளிகைகளை ஆண்டு முழுவதும் நடத்தியது பெண்கள். நெல் அளந்து வாங்கியது, மழைநீர் பிடித்தது, கொத்தனாருக்குக் கூலி கொடுத்தது, பெண் பிள்ளைக்கு வரன் பார்த்தது, பேரேட்டில் பதிந்தது. தாய்வீடு கொடுத்த பணத்தைக் கணவன் கடையிலேயே தன் பேரில் வட்டிக்குப் போட்டுவைத்த பெண்களும் இருந்தார்கள். அதற்கு ‘ஆச்சிமார் பணம்’ என்று பெயர். எமது திட்டப் படிவங்களில் ‘பெண் தலைமைக் குடும்பம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா? நூறு வருடத்துக்கு முந்திய கானாடுகாத்தானில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டிருக்கலாம். என்ன, அவர்களிடம் தேக்கும் தங்கமும் இருந்தன. எங்களிடம் கூப்பன் அட்டை இருந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த முல்லைத்தீவு அக்கா, “மூண்டு வருசம் முடிய எல்லாரும் திரும்பி வந்தவையோ?” என்று கேட்டார். கூட்டுகிற பெண்ணுக்கு எங்கள் கதை தெரியாது. “எல்லாரும் எப்படி ஆச்சி வருவாங்க? பர்மாவுல சண்டை வந்தப்ப நடந்தே வந்தவங்க இருக்காங்க. வழியில போனவங்களும் இருக்காங்க. சேதி தெரியாமலே இருந்த பொம்பளைங்களும் இருந்திருக்காங்க” என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் திண்ணையில் போய்க் கொஞ்ச நேரம் இருந்தார். நாங்களும் அவரைக் கூப்பிடவில்லை.

பர்மாக் கதையை இங்கே முழுதாகச் சொல்லவேண்டும். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் வயல்கள் செட்டியார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம் 1937 அளவில் நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலத்தை இழந்த அந்தக் குடும்பங்களிலும் பெண்கள் இருந்திருப்பார்கள், அடுப்பு இருந்திருக்கும். தூணின் அழகைப் பார்க்கும்போது இதையும் நினைக்கத்தான் வேண்டும். 1942இல் யப்பானியர் பர்மாவுக்குள் வர, இலட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பர்மாவில் நிலம் அரசுடமையாகியது. 1962இல் இராணுவ ஆட்சி வந்தபின் மிச்சமிருந்த வியாபாரமும் போயிற்று. கடல் கடந்த வருமானம் நின்றது; வீடுகள் மட்டும் நின்றன.

இப்போது அந்த வீடுகளை இடிப்பது போரோ வெள்ளமோ அல்ல. பங்கு. தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பேர் உரித்தாளிகள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற ஒருவர் சம்மதித்தால் மற்றவர் பணம் தரமாட்டார். விற்க ஒருவர் விரும்பினால் இன்னொருவர் கையெழுத்து வைக்கமாட்டார். கடைசியில் கூரை ஒழுகி உத்தரம் உக்கியபின், எல்லோரும் சேர்ந்து ஒத்துக்கொள்வது இடித்து மரத்தை விற்பதற்கு மட்டுமே. சில வீடுகள் விடுதிகளாகித் தப்பியிருக்கின்றன. இன்னும் சில, சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போய்த் தப்பியிருக்கின்றன.

நகரத்தார் வழக்கில் வீடு ஆண்மக்களுக்கே. மகளுக்குச் சீர் உண்டு, வீடில்லை. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தன் மகள் விசாலாட்சிக்கென்று கட்டிய வீடு ஒன்று இருக்கிறது; இப்போது ‘விசாலம்’ என்ற பெயரில் விடுதியாக நடக்கிறது. பெண்ணுக்காகக் கட்டியது என்பதையே அதன் புதுமையாக இன்றுவரை சொல்கிறார்கள். எமக்கு அதில் என்ன புதுமை? யாழ்ப்பாணத்தில் தேசவழமைப்படி சீதன வீடு மகளுக்கு. மட்டக்களப்பிலும் மகளுக்கு வீடு கட்டாமல் கல்யாணம் பேச முடியாது.

ஆனால் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றுவிட முடியாது என்று யாழ்ப்பாணத்து ரீச்சர் சொன்னார். வீடு அவள் பெயரில் இருந்தாலும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரிமையாதனக் கட்டளைச் சட்டத்தின்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் அவள் அதை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் எங்கே என்றே தெரியாதவள் என்ன செய்வாள்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றக் கட்டளை பெறலாம். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. இது தெரியாமல் வருடக்கணக்காக உறுதியைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பெண்களை ரீச்சருக்குத் தெரியும். எங்களில் இருவர் அப்போதே குறித்துக்கொண்டார்கள். மன்னார்த் தங்கச்சிக்கு வேறு சிக்கல். இடம்பெயர்வில் உறுதியே தொலைந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாமா, எந்த நொத்தாரிசு முடித்தது, எந்த ஆண்டு என்று அந்த ஆயிரம் சதுர அடித் தாழ்வாரத்தில் இருந்தபடி எங்கள் பேச்சு முழுவதும் எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. கூட்டுகிற பெண் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்லு ஒட்டி முடிந்திருந்தது. சாரதித் தம்பியிடம் கெஞ்சி, ஆத்தங்குடி வழியாகச் சுற்றிப் போனோம். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் கிடக்கும் பூப்போட்ட கற்கள் இந்த ஊரில்தான் செய்யப்படுகின்றன. செய்முறை எளிது. கண்ணாடித் தட்டின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூவின் அச்சு. அச்சுக் கட்டங்களில் நிறம் கலந்த சீமெந்துக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த சீமெந்தும் மணலும் தூவி, பிறகு சாந்தால் நிரப்பி அழுத்துகிறார்கள். சூளை இல்லை, நெருப்பு இல்லை. மறுநாள் சில நாட்கள் தண்ணீருக்குள் ஊறப்போட்டு, பின் உலர விடுகிறார்கள். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த முகம் தானாகவே பளபளக்கிறது. நடக்க நடக்க மினுக்கம் கூடுமாம். உள்ளூர் மணலும் கைப்பழக்கமும்தான் முதல். கல் அறுத்து வீடு கட்டிய எங்கள் பெண்களுக்கு இந்த வேலை ஒரு வாரத்தில் பிடிபடும் என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்துக் கடையில் பனையோலையில் பின்னிய நிறநிறக் கூடைகள் தொங்கின. ‘கொட்டான்’ என்றார் கடைக்காரப் பெண். ஆச்சிமார் ஓய்வு நேரத்தில் பின்னியவை, வழக்கொழியும் நிலையில் இருந்து பெண்கள் குழுக்களின் கைவேலையாகத் திரும்ப வந்திருக்கின்றன. “எங்கடை பனங்கட்டிக் குட்டான்!” என்று ரீச்சர் கூவிவிட்டார். எழுத்தொன்று மாறியிருக்கிறது, ஓலை அதே ஓலை.

கடைசியாகக் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள். இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் எனாமல் தூக்குச் சட்டிகளும் இங்கே வந்து குவிகின்றன. ஒரு கடையின் உட்சுவர் முழுவதும் சட்டம் போட்ட குடும்பப் படங்கள். தலைப்பாகை கட்டிய ஆண்கள், கழுத்து நிறைய நகை போட்ட பெண்கள், பெஞ்சில் ஏற்றி நிறுத்திய பிள்ளைகள். எல்லாம் விலைக்கு. முள்ளிவாய்க்காலில் இருந்து உடுத்த சேலையோடு வந்த எங்கள் அக்காவிடம் கல்யாணப் படம் இல்லை. கணவரின் படம் என்று அடையாள அட்டைப் பிரதி ஒன்றுதான் மிஞ்சியது. அவர் ஒரு படத்துக்கு முன்னால் அதிக நேரம் நின்றார். யாரோ ஒரு இளைஞன், கோட்டுப் போட்டவன். “இவற்றை ஆக்கள் எங்கையாவது இருப்பினம். இதை இஞ்சை வித்ததெண்டு அவைக்குத் தெரியாது போலை” என்றார். பிறகு தன் சேலைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு வெளியே வந்தார்.

இராமேஸ்வரத்தில் யார் யார் என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது அவரவர் கணக்கு.

அக்கா ஆத்தங்குடியில் ஒரேயொரு கல் வாங்கியிருந்தார். நீலமும் மஞ்சளுமாகப் பூப்போட்டது. பொதி கூடிவிடும் என்று நாங்கள் சொன்னதைக் கேட்காமல் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்நூற்றைம்பது சதுர அடித் திட்ட வீடு. படத்தில் திண்ணை இருக்கவில்லை. அவர் சீட்டுக் காசில் முன்வாசலில் ஒரு பக்கம் மட்டும் திண்ணை கட்டியிருந்தார். இன்னொரு பக்கத்துக்கு அடுத்த சீட்டு விழவேண்டுமாம். அந்தக் கல்லை வாசற்படியின் நடுவில் பதித்திருந்தார். மிதிக்காமல் தாண்டப் போன என்னைப் பார்த்து, “மிதிச்சு வாங்கோ, மிதிச்சாத்தான் மினுங்கும் எண்டு சொன்னவை” என்றார்.